கையெழுத்து வித்தியாசப்படுகிறது

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. மார்ச் வருடக்கணக்கு, அது முடிஞ்சதும் ஆடிட், அது முடிஞ்சதும் ஆடிட்டுக்குப் பதில் எழுதுற படலம்னு வண்டி ஓடிக்கிட்டிருந்தது. இப்ப எழுத ஒரு காரணம் கிடைச்சிருக்கு. பெருமைப்படுற மாதிரியான காரணம் இல்லை. ஆனாலும் வெளியூரில் பிள்ளைகளைப் படிக்க வைக்கிற நம்ம ஆட்களுக்கு உபயோகப்படும்னு தோணுது. அதனால சொந்தக்கதை சோகக்கதைதான், பொறுத்துக்கோங்க.

தலைப்பைப் பார்த்துட்டு பேங்க் பதிவுன்னு நினைச்சு ஓடிடாதீங்க :-) செக்கைத் திருப்பி அனுப்பும்போது காரணம் போடுவோம் இல்லையா, அதில் இதுவும் ஒண்ணு. செக்கில் இருக்கிற கையெழுத்து எங்ககிட்ட இருக்கிற மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகலைன்னு அர்த்தம். 'மோசடி'ன்னு அதில் எழுத மாட்டோம். 'வித்தியாசப்படுகிறது'ன்னு மட்டும்தான் எழுதுவோம். இந்த ரெண்டு வார்த்தைக்கும் நடுவில் எவ்வளவு தூரம்னு இருபத்தஞ்சு வருஷ சர்வீஸில் புரியாதது போன மாசம் என் வீட்டுக்குள்ளேயே புரிஞ்சது.

மகள் இங்கே புனேயில் ஒரு கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம் முதல் வருஷம். அன்னைக்கு சாயந்திரம் நான் பிராஞ்சிலிருந்து வரும்போது ஹாலில் உட்கார்ந்திருந்தாள். டிவி ஓடலை, கையில் போன் இல்லை. அதிலேயே ஏதோ சரியில்லைன்னு தெரிஞ்சுபோச்சு.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லப்பா."

தங்கமணி சமையல்கட்டிலிருந்து ஜாடை காட்டினாள். இப்ப கேட்காதேன்னு அர்த்தம். நான் கேட்டேன். (இருபது வருஷமா இந்த ஜாடையை மதிச்சிருந்தால் பாதிப் பிரச்சினை வந்திருக்காது.)

ஆங்கிலக் கட்டுரைக்கு இருபதுக்கு சைபர். தாளின் மேலே சிவப்பு மையில் ஒரே வரி: 'மெஷின் எழுதியது. என்னை வந்து பார்க்கவும்.' மேடம் அந்தக் கட்டுரையை இன்டர்நெட்டில் ஒரு இலவசக் கருவியில் போட்டுப் பார்த்திருக்கிறார். கம்ப்யூட்டர் எழுதியதற்கான வாய்ப்பு 87 சதவீதம்னு வந்திருக்கு.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிடுச்சு. என் பொண்ணு அந்தக் கட்டுரைக்கு மூணு நாள் உட்கார்ந்ததை நான் கண்ணால் பார்த்தவன். சாப்பிடக்கூட இல்லை. லேப்டாப்பை எடுத்தேன், பிரின்சிபாலுக்கு ஒரு கடிதம் அடிச்சேன். பேங்க்காரன் கோபத்தில் எழுதுற ஆங்கிலம் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். 'வித் ரெஃபரன்ஸ் டு தி அபவ்'வில் ஆரம்பிச்சு, 'இட் இஸ் பெர்ட்டினென்ட் டு மென்ஷன்' வழியாக, 'வீ டிரஸ்ட் தி நீட்ஃபுல் வில் பி டன்'னில் முடிஞ்சது. முழுசா ஒரு பக்கம். எனக்கே கொஞ்சம் பெருமைதான். மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

நிதானமாப் படிச்சாள். அப்புறம் சொன்னாள், "அப்பா, இதையும் அந்த வெப்சைட்டில் போட்டுப் பாருங்களேன்."

போட்டேன். 91 சதவீதம். மெஷின்.

ஒரு நிமிஷம் ரெண்டு பேரும் சிரிச்சோம். அப்புறம் அவள் சிரிக்கலை.

"அந்தக் கட்டுரையில பாதி நீங்கதானேப்பா."

அவ்வளவுதான். குற்றம் சொல்ற குரலில்கூடச் சொல்லலை. பேலன்ஸ் எவ்வளவுன்னு கேட்ட கஸ்டமருக்குச் சொல்ற மாதிரி சொன்னாள். மேடத்திடம் ஏன் இதைச் சொல்லலைன்னு கேட்டேன். "என்னன்னு சொல்றது? மெஷின் எழுதலை மேடம், எங்கப்பா எழுதினார்னா?"

அன்னைக்கு ராத்திரி அவளுடைய ரஃப் நோட்டையும் கொடுத்த கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வச்சேன். பி.காம் படிச்சவனுக்குத் தெரிஞ்ச ஒரே வைத்தியம், ரிகன்சிலியேஷன். ரெண்டு கணக்கையும் வரி வரியா டிக் அடிக்கிறது. மொத்தம் முப்பத்தோரு வாக்கியம். அதில் பத்தொன்பது என்னுடையது.

தலைப்பு, 'உங்கள் பகுதியில் நீங்கள் கண்ட ஒரு மாற்றம், அது நல்லதா?' எங்க தெரு முனையில் ஒரு அம்ருததுல்ய டீக்கடை இருந்தது. புனேக்காரர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். பித்தளைப் பாத்திரத்தில் ஏலக்காய், சுக்கு எல்லாம் தட்டிப்போட்டுக் கொதிக்கிற டீ. ரோட்டை அகலப்படுத்தினப்ப அந்தக் கடை போய், நடைபாதை வந்தது. அதைப்பற்றி எழுதியிருந்தாள்.

அவள் நோட்டில் இருந்தது: 'காகா இஸ் நோயிங் எவ்ரிஒன்.' காகாவுக்கு எல்லோரையும் தெரியும். எந்த வீட்டுக்குச் சர்க்கரை கம்மி, எந்த வீட்டில் ஆள் உடம்பு சரியில்லாமல் இருக்கிறார், எல்லாம் தெரியும். புது நடைபாதை நல்லா இருக்கு, ஆனால் அதுக்கு யாரையும் தெரியாது.

நான் என்ன செஞ்சேன்? 'இஸ் நோயிங்' தப்புன்னு அடிச்சேன். அது தப்புதான். அதோடு நிறுத்தியிருக்கணும். நிறுத்தலை. 'தி ப்ரொப்ரைட்டர் வாஸ் வெல் அக்வெய்ன்ட்டட் வித் ஹிஸ் கஸ்டமர்ஸ்' என்று போட்டேன். காகா ப்ரொப்ரைட்டர் ஆகிட்டார். நடைபாதைக்கு யாரையும் தெரியாதுங்கிற வரியைப் பார்த்து, நடைபாதைக்கு எப்படி ஆளைத் தெரியும், அர்த்தமே இல்லையேன்னு அதை எடுத்துட்டு, உள்கட்டமைப்பு நகர வளர்ச்சியில் 'பிவட்டல் ரோல்' வகிக்குதுன்னு எழுதினேன். கடைசியில் 'இன் கன்க்ளூஷன்' போட்டு சீல் வச்சேன்.

இப்பப் படிச்சா, அந்தக் கட்டுரையில் உயிரோடு இருந்த ஒரே வரியைத்தான் நான் கொன்னிருக்கேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

நான் பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். அருப்புக்கோட்டைப் பக்கம். 1995-ல் பி.காம் சேர்ந்தப்ப பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூணு எங்க பாடம். தமிழ் பயமில்லை, அக்கவுண்டன்சியில் டெபிட் கிரெடிட் பழகிடுச்சு. பகுதி இரண்டுதான் எமன். எங்க செட்டில் பாதிப் பேர் ஆங்கிலத்தில் அரியர் வச்சவங்கதான். பரீட்சைக்கு நாலு கட்டுரை மனப்பாடம் பண்ணுவோம். அந்த நாலில் ஒண்ணு வரணும்னு கோயிலில் சூடம். வராட்டி மனப்பாடம் பண்ணினதையே வந்த தலைப்புக்கு ஏத்த மாதிரி வளைச்சு எழுதுறது. வெள்ளம் பற்றிக் கேட்டால், நூலகம் பற்றி எழுதி, கடைசியில் அந்த நூலகத்துக்குள் வெள்ளத்தை விட்டுடுவோம் :-)

இரண்டாம் வருஷம் ஒரு சார் வந்தார். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பக்கம் எழுதச் சொன்னார். எதைப்பற்றி வேணும்னாலும், பஸ்ஸில் வந்ததைப்பற்றிக்கூட. முதல் வாரம் நான் எழுதினதில் வரிக்கு ரெண்டு தப்பு இருந்திருக்கும். தாள் திரும்பி வந்தது. சிவப்பே இல்லை. பென்சிலில் நாலு இடத்தில் மட்டும் அடிக்கோடு. எல்லாம் வினைச்சொல்லின் காலம் தப்பின இடங்கள். மீதித் தப்புகளை அவர் தொடவே இல்லை. கீழே ஒரு கேள்வி: 'கண்டக்டர் அந்தப் பாட்டியிடம் டிக்கெட் காசு வாங்கினாரா இல்லையா? சொல்லவில்லையே.' அதையே திருத்தித் திங்கட்கிழமை திரும்பக் கொடுக்கணும்.

எனக்கு ஆச்சரியமா இருந்தது. நான் எழுதினதை ஒருத்தர் தப்புக்காகப் படிக்காமல், என்ன நடந்ததுன்னு தெரிஞ்சுக்கப் படிச்சிருக்கிறார்! அதுக்கப்புறம் அவருக்குச் சொல்லணும்னே எழுதினேன். அந்த வருஷக் கடைசியில் என் ஆங்கிலம் பிரமாதம் ஆகிடலை. ஆனால் பயம் போச்சு. பின்னாடி பேங்க் பரீட்சையில் கட்டுரைத் தாளை மனப்பாடம் இல்லாமல் எழுதினேன்னா அது அவர் போட்ட பிச்சை.

அப்படிப்பட்டவரிடம் படிச்ச நான், என் பொண்ணு நோட்டில் முப்பத்தோரு வாக்கியத்தில் பத்தொன்பதை அடிச்சு எழுதியிருக்கேன். பேங்கில் போய் இருபத்தஞ்சு வருஷம் ஆஃபீஸ் நோட் எழுதினதில், சார் சொல்லிக்கொடுத்தது போய் நூலகத்துக்குள் வெள்ளம் விடுற பழக்கம் திரும்ப வந்திடுச்சு போல.

அடுத்த ரெண்டு ராத்திரி தூக்கம் வரலை. இந்த விஷயத்தில் படிச்சவங்க என்ன சொல்றாங்கன்னு நெட்டில் துழாவினேன். தெரிஞ்சதைச் சொல்றேன்.

முதலில் அந்தக் கருவி. அடுத்து வரப்போற வார்த்தையை எவ்வளவு சுலபமா ஊகிக்க முடியுதுன்னு பார்க்கிறதுதான் இந்த மாதிரிக் கருவிகள் பலதுக்கும் அடிப்படை. ஊகிக்க முடிஞ்சால் மெஷின், எதிர்பாராத வார்த்தை வந்தால் மனுஷன். இப்ப யோசிங்க. ஒரு மொழியை ரெண்டாவதாக் கத்துக்கிட்டவன் கையில் வார்த்தை கம்மி. பழகின சொற்றொடரைத்தான் திரும்பத் திரும்பப் போடுவான். அப்ப அவன் எழுத்து ஊகிக்க முடியுற எழுத்து. 2023-ல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆட்கள் இதைச் சோதிச்சுப் பார்த்தாங்க. டோஃபெல் பரீட்சைக்காக வெளிநாட்டு மாணவர்கள் எழுதின 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டாங்க. சராசரியா 61 சதவீதம் மெஷின் எழுதினதுன்னு தப்பா வந்தது. அமெரிக்காவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதினதை அதே கருவிகள் பெரும்பாலும் சரியா மனுஷன்னு சொல்லிடுச்சு. சாட்ஜிபிடி செஞ்ச கம்பெனியே இப்படிக் கண்டுபிடிக்க ஒரு கருவி வச்சிருந்து, துல்லியம் போதலைன்னு 2023 ஜூலையில் எடுத்துட்டாங்க.

ஆக, மேடத்திடம் சண்டை போட எனக்கு ஆதாரம் கிடைச்சது. ஆனால் சண்டை போட வாய் வரலை. ஏன்னா அந்தக் கருவி என் விஷயத்தில் ஒரு வகையில் சரியாத்தான் சொல்லியிருக்கு. இது அந்தப் பொண்ணு எழுத்து இல்லைன்னு சொன்னது. ஆளைத்தான் தப்பா சொல்லிடுச்சு.

ரெண்டாவது, திருத்துறது. 1996-ல் ஜான் ட்ரஸ்காட்னு ஒருத்தர் ஒரு கட்டுரை எழுதி ஆசிரியர்கள் மத்தியில் குண்டு போட்டார். ரெண்டாம் மொழியில் எழுதுறவங்களோட இலக்கணத் தப்பைத் திருத்துறதால் பிரயோஜனம் இல்லை, கெடுதல்தான், விட்டுடுங்கன்னு. 1999-ல் டேனா ஃபெரிஸ்ங்கிற பேராசிரியை, அவ்வளவு அவசரமா முடிவு கட்டாதீங்க, ஆளைப் பார்த்து, இடத்தைப் பார்த்து, தெளிவாத் திருத்தினால் பலன் உண்டுன்னு பதில் எழுதினார். அதுக்கப்புறம் இந்த விவாதம் பல வருஷம் ஓடியிருக்கு. அந்த 1996-ல்தான் நான் இரண்டாம் வருஷம். எங்க சார் இதையெல்லாம் படிச்சிருப்பாரான்னு சந்தேகம்தான். அவருக்கு அறுபது நோட்டு, ஒரு பென்சில். அனுபவத்தில் கண்டுபிடிச்சிருப்பார்.

மூணாவதுதான் எனக்கு அடி. மார்க் போடுறது. 1981-ல் ஹாலி ஜேக்கப்ஸும் மத்தவங்களும் சேர்ந்து ரெண்டாம் மொழிக் கட்டுரைக்கு ஒரு மதிப்பெண் அட்டவணை கொடுத்தாங்க. பல்கலைக்கழகங்களில் ரொம்பப் பிரபலமான அட்டவணையாம். நூற்றுக்கு இப்படிப் பிரிச்சிருக்காங்க: சொல்ல வந்த விஷயம் 30, அமைப்பு 20, சொல்வளம் 20, மொழிப் பயன்பாடு 25, எழுத்துப்பிழை, புள்ளி, கமா எல்லாம் சேர்த்து 5. லோன் கேட்டு வர்றவருக்கு நாங்க ஸ்கோர் போடுற தாள் மாதிரியே இருக்கு. என் திருத்தத்தை இதில் போட்டுப் பார்த்தேன். 25-ம் 5-ம் சேர்ந்த முப்பதைக் காப்பாத்தப் போய், விஷயம்ங்கிற முப்பதைத் தொலைச்சிருக்கேன். நிகர லாபம் சைபர். மேடம் போட்ட மார்க்கும் அதேதான் :-)

சனிக்கிழமை மகளையும் கூட்டிக்கிட்டுப் போய் மேடத்தைப் பார்த்தேன். பிரின்சிபாலுக்கு எழுதின கடிதத்தை அனுப்பலை.

முப்பது வயசு இருக்கும். மராத்திக்காரப் பெண். ஸ்டாஃப் ரூமில் மேசை நிறையத் தாள். நான் உட்கார்ந்ததும் ரஃப் நோட்டை எடுத்து வச்சேன். "மேடம், இது மெஷின் எழுதலை. நான் எழுதினேன். இவள் எழுதினதில் பத்தொன்பது வாக்கியத்தை நான் மாத்தினேன். இவள் என்னைக் காட்டிக்கொடுக்கலை" என்று இந்தியில் சொன்னேன். இந்த வயசில் ஒரு டீச்சர் முன்னாடி இப்படி உட்காருவேன்னு நினைக்கலை. மகள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டிருந்தாள்.

மேடம் நோட்டை வாங்கி முழுசாப் படிச்சார். நடைபாதை வரியில் நின்னார். அப்புறம் சொன்னார், "சார், மெஷின் எழுதினாலும் நீங்க எழுதினாலும் எனக்கு ஒண்ணுதான். நான் மார்க் போட வேண்டியது இவளுக்கு. இவள் எழுத்து என் கையில் வரவே இல்லையே."

பதில் இல்லை என்னிடம்.

ஆனாலும் ஒண்ணு சொல்லணும்னு தோணுச்சு. சொன்னேன். நவம்பர் மாசம் எங்க பிராஞ்சுக்கு பென்ஷன்காரங்க உயிரோடு இருக்கிறதுக்கான சான்று கொடுக்க வருவாங்க. பாதிப் பேருக்குக் கை நடுங்கும். முப்பது வருஷத்துக்கு முன்னாடி போட்ட கையெழுத்தோடு இப்பப் போடுறது ஒத்துப்போகாது. நாங்க அவங்களைத் திருடன்னு சொல்றதில்லை. உட்கார வச்சு, தண்ணி கொடுத்து, "தாத்தா, என் முன்னாடி இன்னொரு தடவை போடுங்க" என்போம். நீங்க 'வித்தியாசப்படுகிறது'ன்னு எழுதியிருந்தால் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் மேடம். 'மெஷின்'னு தீர்ப்பு எழுதிட்டீங்களே.

அவர் கோபப்படலை. கொஞ்ச நேரம் கழிச்சு அவர் பக்கத்தைச் சொன்னார். ரெண்டு டிவிஷன், 128 பேர். ஆளுக்கு ஐந்நூறு வார்த்தை. நிரந்தர வேலை இல்லை. வகுப்பு எடுக்கிற மணிக்குத்தான் சம்பளம், திருத்துற நேரத்துக்குக் கிடையாது. இந்தத் தடவை நாலு பேர் நிஜமாவே மெஷினிடமிருந்து அப்படியே எடுத்துக் கொடுத்திருக்காங்க, ஒருத்தன் கடைசியில் மெஷின் கேட்ட 'வேறு ஏதாவது உதவி வேண்டுமா' என்கிற வரியைக்கூட எடுக்கலை. கேட்டதும் ஒத்துக்கிட்டாங்க. அந்தக் கடுப்பில் ஐந்தாவதா இவளுடையது.

மனசுக்குள் கணக்குப் போட்டேன். தாளுக்குப் பத்து நிமிஷம்னாலும் 1,280 நிமிஷம். இருபத்தோரு மணி நேரம் இருபது நிமிஷம். அறுபத்து நாலாயிரம் வார்த்தை. ஒரு பைசா இல்லாமல். எங்க சாருக்கு அறுபது நோட்டு, நிரந்தர வேலை. இந்த அம்மாவைக் குத்தம் சொல்ல நான் யார்?

பேங்கில் எந்தப் பெரிய என்ட்ரியையும் ஒருத்தரே போட்டு ஒருத்தரே பாஸ் பண்ண முடியாது. ஒருத்தர் போடணும், இன்னொருத்தர் பார்க்கணும். கட்டுரைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 1961-ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு. கல்லூரி முதல் வருஷ மாணவர்களின் 300 கட்டுரைகளை 53 பேர் தனித்தனியாப் படிச்சு, ஒன்பது தரமாப் பிரிக்கணும். 300-ல் 101 கட்டுரை ஒன்பது தரத்தையும் வாங்கியிருக்கு! ஒருத்தருக்கு முதல் தரம், இன்னொருத்தருக்குக் கடைசித் தரம், அதே தாள். அது தாய்மொழியில் எழுதினதுக்கே. ரெண்டாம் மொழிக்கு ஒருத்தர் தப்பை எண்ணுவார், இன்னொருத்தர் விஷயத்தைப் பார்ப்பார், கேட்கவே வேணாம்.

கடைசியில் மேடம் ஒரு முடிவு சொன்னார். இந்தத் தாளுக்கு சைபர் சைபர்தான், அதை மாத்த மாட்டேன். ஆனால் 'மெஷின்'ங்கிற வார்த்தையை அடிச்சுடறேன். இப்பவே, இங்கேயே, பேனாவில், நாற்பது நிமிஷம். அதே டீக்கடை. அதுக்கு வர்ற மார்க்தான் மார்க்.

நான் வெளியே மரத்தடியில் நின்னேன். பி.ஓ. இன்டர்வியூவுக்குக்கூட அவ்வளவு வேர்க்கலை. தங்கமணியிடமிருந்து மூணு போன். "நீங்க உள்ள போயி எதுவும் சொல்லிக்கொடுத்துராதீங்க" என்றாள். அனுபவம் பேசுது.

பன்னிரண்டு மார்க். இருபதுக்கு.

தாளைப் பார்த்தேன். 'இஸ் நோயிங்' மறுபடியும் இருந்தது. மேடம் அந்த மாதிரித் தப்பு மூணு இடத்தில் இருந்ததுக்கு மட்டும் அடிக்கோடு போட்டு, ஓரத்தில் 'இந்த ஒன்றை மட்டும் அடுத்த முறைக்குள் சரிசெய்' என்று எழுதியிருந்தார். நடைபாதை வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக். கீழே ஒரு கேள்வி: 'காகா இப்போது எங்கே இருக்கிறார்?'

சத்தியமாச் சொல்றேன், எனக்கு எங்க சாரின் பென்சில் ஞாபகம் வந்துடுச்சு.

அடுத்த தடவையிலிருந்து முதல் வரைவை வகுப்பிலேயே எழுத வைக்கப் போறாராம். வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்த் திருத்தி எழுதலாம், ஆனால் ரெண்டையும் சேர்த்துப் பின் பண்ணிக் கொடுக்கணும். 128 பேருக்கு இதுக்கு மேல் முடியாதுன்னார். இதுவே பெரிசுன்னு நான் சொன்னேன்.

வீட்டுக்கு வர்ற வழியில் மகள் ஒண்ணு கேட்டாள். "அப்பா, மேடம் எங்களை எல்லாம் செகண்ட் லாங்குவேஜ் ரைட்டர்ஸ்ன்னு சொல்றாங்க. எனக்கு ஃபர்ஸ்ட் லாங்குவேஜ் எதுப்பா?"

வண்டியை ஓரம் கட்டலை, ஆனால் கட்டணும் போல இருந்தது. பாட்னாவில் எல்.கே.ஜி., போபாலில் ஆறாவது வரைக்கும், அப்புறம் புனே. வீட்டில் தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். இந்தி நண்பர்களோடு, மராத்தி காகாவோடு, ஆங்கிலம் நோட்டில். 'இஸ் நோயிங்' எங்கிருந்து வருதுன்னு இப்ப யோசிச்சால், இந்த மொழிகளுக்கு நடுவில் எங்கேயோதான் இருக்கு. 2023-ல் யு.ஜி.சி., பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் பரீட்சையை உள்ளூர் மொழியில் எழுத மாணவர்களை அனுமதியுங்கள்னு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கிட்டது. ரொம்ப நல்ல விஷயம். எனக்கு அன்னைக்கு அது கிடைச்சிருந்தால் சூடம் செலவு மிச்சம். ஆனால் என் பொண்ணுக்கு உள்ளூர் மொழி எது? மூணு வருஷத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபரில் அவள் ஊரை மாத்தினவன் நான். அவளுக்கு எல்லாமே ரெண்டாம் மொழியா ஆகிடுச்சு. அதிலும் அவளா ஒரு வரி எழுதினால், அதையும் பிடுங்கி என் வரியை வச்சிருக்கேன்.

"எது முதல் மொழின்னு தெரியலம்மா. ஆனா நடைபாதைக்கு யாரையும் தெரியாதுன்னு எழுதின பாரு, அது உன் மொழி" என்றேன். சமாளிப்புதான். ஆனால் பொய் இல்லை.

வெளியூரில் இருக்கிற அப்பாக்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் நிறையப் பேர் ஆங்கிலத்தைக் கஷ்டப்பட்டுப் பிடிச்சவங்க. அதனால பிள்ளைகள் தப்பா எழுதினால் கை பரபரக்கும். பேனாவை எடுக்காதீங்க. பென்சில் எடுங்க. ஒரே ஒரு வகைத் தப்புக்கு மட்டும் அடிக்கோடு போடுங்க, சரியானதை நீங்க எழுதாதீங்க. புரியாத இடத்தில் ஒரு கேள்வி கேளுங்க. ரஃப் நோட்டைத் தூக்கிப் போட விடாதீங்க, இந்தக் காலத்தில் அதுதான் பிள்ளைகளுக்கு வவுச்சர். டீச்சர் மேல் கோபம் வந்தால், அவங்க மேசையில் எத்தனை தாள்னு முதலில் எண்ணுங்க.

காகாவைத் தேடிப் போன ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் போனோம். ரெண்டு தெரு தள்ளி, ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் சின்னதா ஒரு இடம் பிடிச்சிருக்கிறார். மகளைப் பார்த்ததும் கேட்காமலே சர்க்கரை கம்மியா ஒண்ணு, எனக்கு ஒண்ணு போட்டார். அவள் டீயைக் கீழே வச்சுட்டு நோட்டை எடுத்தாள்.

நான் எட்டிப் பார்க்கலை.

டிஸ்கி: இந்தப் பதிவை மகளிடம் படிக்கக் கொடுத்தேன். முக்கால் மணி நேரம் எழுத்துக்கூட்டிப் படிச்சாள். எதையும் திருத்தலை. "அப்பா, அந்த பஸ் கண்டக்டர் பாட்டிகிட்ட காசு வாங்கினாரா இல்லையா, இதுலயும் சொல்லவே இல்லையே"ன்னு கேட்டாள். வாங்கலைம்மா. வாங்கவே இல்லை.